மலைப் பிள்ளைக்குப் படக்கதை பிறகு என்பவர்களுக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சிறு குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆசிரியர், பெற்றோர், அதிகாரி, நன்கொடை தர வருபவர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “முதலில் எழுத்து வரட்டும். படக்கதைப் புத்தகமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.” பேச்சு கல்வராயன் மலைக்குப் போனால் இந்தப் பதில் இன்னும் கெட்டிப்படுகிறது. மலைப் பிள்ளைகள் ஏற்கெனவே பின்தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குப் படம் காட்டிக்கொண்டிருக்க நேரமில்லை என்கிறார்கள். இந்தக் கருத்து முழுக்கத் தவறு. ஆனால் இதைச் சொல்பவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளுக்காக உண்மையாகவே உழைப்பவர்கள். ஆகவே ஒரு வரியில் தள்ளிவிடாமல் காரணங்களை எடுத்துவைத்தே மறுக்க வேண்டும்.

முதலில் அவர்கள் தரப்பு. தமிழில் 247 எழுத்துகள். அவற்றில் உயிர்மெய் மட்டும் 216. பேச்சு தானாக வந்துவிடும், எழுத்து அப்படி வராது. யாராவது உட்கார்ந்து, வரிசையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அதைச் செய்ய வீட்டில் படித்த அம்மா இருப்பார், இல்லாவிட்டால் டியூஷன் இருக்கும். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு குக்கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதியில்லை. அங்கேயும் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டிவரும். ஐந்தாம் வகுப்பு முடித்தும் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியாத பிள்ளை அதற்குப் பிறகு எல்லாப் பாடத்திலும் தோற்கும், பாதியில் நின்றுவிடும். இருக்கிற கொஞ்ச நேரத்தை எழுத்துக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்கிறார்கள். இதோடு இன்னும் மூன்று காரணங்களும் சேர்கின்றன: பழைய தேவதைக் கதைகள் பயங்கரமானவை; அவை வெள்ளைக்காரர் கதைகள், மலைப் பிள்ளைக்கு ஒட்டாதவை; படப் புத்தகம் விலை கூடியது, கொடுத்தால் கிழிந்துவிடும்.

எழுத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. பிள்ளைகளைப் புத்தகங்களுக்கு நடுவில் உட்காரவைத்தாலே வாசிப்பு வந்துவிடும் என்று பேசுபவர்களோடு நான் சேரவில்லை. நான் மறுப்பது எழுத்து முன்னால், கதை பின்னால் என்ற வரிசையையும், அந்த வரிசைக்குத் துணையாகச் சொல்லப்படும் ஒவ்வொரு காரணத்தையும்.

1. எதை வாசிப்பதற்காக எழுத்து?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பிள்ளையிடம் ‘அ’வையும் ‘ஆ’வையும் கொடுக்கிறோம். வீட்டில் செய்தித்தாள் வரும் பிள்ளை, மூன்று வயதிலேயே தாளில் உள்ள கறுப்புக் கோடுகள் ஏதோ பேசுகின்றன என்று தெரிந்துகொள்கிறது. அப்பா தாளைப் பார்த்துச் சிரிக்கிறார், அம்மா கடிதத்தைப் பார்த்து அழுகிறார். அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது. கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்களின் ஆதிக்கம் 1976இல்தான் முடிவுக்கு வந்தது. இன்று அறுபது வயதைத் தொட்ட பாட்டி, கூலியில்லாமல் ஜாகீர்தாருக்கு உழைத்த குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் புத்தகம் எப்படி இருக்கும்? முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு எழுத்து என்பது பலகையில் இருக்கும் 247 வடிவங்கள். அவற்றை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதற்கு, அடி விழும் என்பதைத் தவிர வேறு காரணம் அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் படப் புத்தகம் தன் வேலையைச் செய்கிறது. அங்கன்வாடியில் ஒருவர் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு ஒரே புத்தகத்தை நான்கு நாள் தொடர்ந்து வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் சிலவற்றைக் கண்டுகொள்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எப்போதும் இதே சொற்கள்தான் வருகின்றன. கதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிறது. முதல் பக்கத்தில் சிறியதாக நின்ற பையனும் ஐந்தாம் பக்கத்தில் பெரிதாக நிற்கும் பையனும் ஒருவன்தான். முன்னால் நடந்ததால்தான் பின்னால் நடந்தது. இவை எல்லாமே வாசிப்பு. எழுத்து தெரியும் முன்பே நடக்கிற வாசிப்பு. இதைப் புதிய மோஸ்தர் என்று யாரும் நினைக்க வேண்டாம். கொமேனியஸ் குழந்தைகளுக்கென்று படமும் சொல்லும் சேர்ந்த பாடநூலை அச்சிட்டது 1658இல்.

காது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக் கூட்டங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு சேர்த்துவிட வேண்டாம். ஆனால் வீட்டில் பேசும் தமிழுக்கும் பாடநூலின் தமிழுக்கும் இடைவெளி பெரியது. ‘கூறினான்’, ‘சென்றனர்’, ‘ஆகையால்’ என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. காதில் ஒருமுறைகூட விழாத சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாலும் பிள்ளைக்கு அது வெறும் சத்தம்தான். கதையை வாசித்துக் கேட்கும் பிள்ளைக்கு அந்தத் தமிழ் கண்ணுக்கு வரும் முன்பே காதுக்குப் பழகிவிடுகிறது. படம் பொருளைச் சொல்கிறது, ஆசிரியரின் குரல் சொல்லைத் தருகிறது. இதை ஒதுக்கிவிட்டு எழுத்தை மட்டும் கற்பித்தால் வேகம் கூடும் என்பது கணக்கிலேயே பிழை.

நேரமில்லை என்ற வாதமும் அவர்களுக்கு எதிராகவே திரும்புகிறது. வீட்டில் கிடைக்காத பிள்ளைக்குத்தான் பள்ளி கொடுக்க வேண்டும். வீட்டில் நாற்பது படப் புத்தகம் வைத்திருக்கும் நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் அது இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை.

‘அப்புறம்’ என்று தள்ளியதன் விளைவையும் பாருங்கள். இரண்டாம் வகுப்பில், மூன்றாம் வகுப்பில் எழுத்து வந்த பிறகு படப் புத்தகத்தைக் கேட்கும் பிள்ளையிடம், “அது சின்னப் பிள்ளைங்களுக்கு, நீ பாடத்தைப் படி” என்கிறார்கள். எழுத்து வராதபோது பயனில்லை, வந்த பின் தேவையில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையின் வாழ்வில் படப் புத்தகத்துக்கான வயது எது?

2. பயங்கரம் யாருக்கு?

இரண்டாவது காரணம் தேவதைக் கதைகளைக் குறிவைக்கிறது. ஓநாய் பாட்டியை விழுங்குகிறது, சூனியக்காரி பிள்ளையைக் கொழுக்கவைத்துத் தின்னப் பார்க்கிறாள். இதையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். அதனால் மென்மையாக்கிய பதிப்புகளே நல்லவை என்று முடிவுகட்டுகிறார்கள். நன்கொடையாகப் பள்ளிக்கு வருபவையும் பெரும்பாலும் அவைதான்: பத்துப் பக்கம், பளபளக்கும் அட்டை, கடைசியில் ஒரு நீதி.

ஹான்சலும் கிரெட்டலும் கதையையே எடுத்துக்கொள்வோம். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் பெருங்காட்டை ஒட்டி ஒரு விறகுவெட்டி குடும்பத்தோடு வாழ்கிறான். வீட்டில் பஞ்சம். நான்கு வாய்க்கு உணவில்லை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அம்மா சொல்கிறாள், பெற்ற அம்மா. இதை அந்தச் சகோதரர்களாலேயே தாங்க முடியவில்லை. 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பின் வந்த மென்மையாக்கிகள் இன்னும் ஒரு படி போய்ப் பஞ்சத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது பல பதிப்புகளில் பிள்ளைகள் விளையாடப் போய் வழி தவறுகிறார்கள், அவ்வளவுதான்.

இதைக் கல்வராயன் மலையில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். சாமையும் மரவள்ளியும் ஆண்டு முழுவதும் வயிற்றுக்குப் போதாத வீடுகளிலிருந்து அப்பாவும் அம்மாவும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கும் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ விடப்படுகிறார்கள். ஆந்திரத்துக்கு மரம் வெட்டப் போகிறவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து போன ஏழைகள் அவர்களில் பலர். அந்த மலைகளும் கல்வராயனும் ஒரே தொடர்ச்சி மலையின் பகுதிகள், ஒரே வறுமையின் பகுதிகளும்கூட. காடு, மரம் வெட்டும் அப்பா, போதாத சோறு, விட்டுச் செல்லப்பட்ட பிள்ளைகள்: ஜெர்மானியக் கதையில் வரும் இந்த நான்கில் எது இந்தப் பிள்ளைக்குப் புதிது? இந்தப் பிள்ளையிடமிருந்து எதை மறைக்கப் போகிறோம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றியும் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் பலிகொண்டது. அப்பாவை இழந்த, சில வீடுகளில் அம்மாவையும் சேர்த்து இழந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தின் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாவு என்ற செய்தி அவர்களுக்குப் புத்தகத்திலிருந்து வரப்போவதில்லை. அது ஏற்கெனவே வந்துவிட்டது.

அந்தப் பழைய கதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்ன? விடப்பட்ட பிள்ளை யோசிக்கிறது, கூழாங்கற்களை வழியில் போட்டு வீடு திரும்புகிறது. இரண்டாம் முறை ரொட்டித் துணுக்குகளைப் பறவைகள் தின்றுவிடுகின்றன, வழி அழிந்துவிடுகிறது. அப்போதும் கதை நிற்பதில்லை. கடைசியில் அண்ணனைக் காப்பாற்றுபவள் தங்கை. சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளுகிறவள் அந்தச் சிறுமிதான். பஞ்சத்தையும் கைவிடுதலையும் வெட்டி எடுத்துவிட்டால் இந்த மீட்சிக்கு எடையே இல்லை. விளையாடப் போனவர்கள் வீடு திரும்பினார்கள் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது? பயத்தை நீக்குகிறோம் என்று தைரியத்தையும் சேர்த்தே நீக்குகிறார்கள்.

புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் எழுதிய நூலில் இதை உளப்பகுப்பாய்வின் வழியே வாதிட்டார். அவர் சொன்ன விளக்கங்கள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை; நான் ஏற்கவில்லை. ஆனால் குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கும் அச்சத்துக்கு இந்தக் கதைகள் ஓர் உருவம் கொடுக்கின்றன என்ற அடிப்படைக் கருத்தை மறுப்பது கடினம். படம் அந்த உருவத்துக்கு ஓர் அளவும் கொடுக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஓநாய் பக்கத்தை விட்டு வெளியே வராது. பிள்ளை வேண்டுமானால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம், புத்தகத்தை மூடலாம், மறுபடி திறந்து அதே ஓநாயை விரலால் தொட்டுப் பார்க்கலாம். ‘கதைதானே, செல்போனில் பார்த்துக்கொள்ளட்டும்’ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காணொளி ஓடும் வேகம் பிள்ளையின் கையில் இல்லை. அங்கே பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கதையும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நாளிலும் ஏற்றதல்ல. பெர்ரோ 1697இல் வெளியிட்ட சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதை, ஓநாய் அவளைத் தின்பதோடு முடிகிறது. கிரிம் கதையில்தான் வேட்டைக்காரன் வந்து காப்பாற்றுகிறான். நான்கு வயதுக்கு எது, ஏழு வயதுக்கு எது, நேற்று அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இன்று எது வேண்டாம் என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் முடிவு செய்யட்டும். அது அவருடைய பொறுப்பு. எங்கோ ஒரு பதிப்பகத்தில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளுக்குமாகச் சேர்த்துப் பஞ்சத்தைக் கதையிலிருந்து அழிப்பது அந்த ஆசிரியரின் கையைக் கட்டுவதாகும்.

3. அந்நியக் கதை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இந்த வாதம் முற்போக்காளர்களிடமிருந்தும் வருகிறது, மரபுப் பற்றாளர்களிடமிருந்தும் வருகிறது. சிண்ட்ரெல்லா எதற்கு, நம் கதைகள் இல்லையா என்கிறார்கள். சிண்ட்ரெல்லா யாருடைய கதை? மரியன் காக்ஸ் 1893இலேயே அந்தக் கதையின் 345 வடிவங்களைத் திரட்டி நூலாக்கினார். சீனத்தில் அது ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவாகிவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கன்னடக் கதை ஒன்றை ஏ.கே. ராமானுஜன் சேகரித்து ஆராய்ந்திருக்கிறார். எந்த எல்லையிலும் நிற்காமல் நடந்துபோன கதைக்குக் கள்ளக்குறிச்சியில் மட்டும் சுங்கச்சாவடி வைக்கிறோம்.

மலையாளிகள் தங்கள் பூர்விகத்தைச் சொல்லும் கதையையே பாருங்கள். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் மலையேறி, ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள். கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பக்கத்து மக்களெல்லாம் அவர்கள் வழிவந்தவர்கள். வீட்டை விட்டுப் புறப்படும் மூன்று சகோதரர்கள் கிரிம் தொகுப்பில் எத்தனை கதைகளில் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதை ஒட்டாது என்பவர் இரண்டு கதைகளையும் கேட்டதில்லை.

ஒரு தலைமுறை முன்பு மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய படக்கதைகள் நம் சிற்றூர்கள் வரை வந்தன. பனியும் ஓநாயும் கோழிக்கால் குடிசையும் நிறைந்த கதைகள். பனியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் அவற்றைக் கிழியக் கிழியப் படித்தார்கள். இன்று தமிழில் எழுதுபவர்களில் அந்தப் புத்தகங்களை நன்றியோடு நினைவுகூர்பவர்கள் நிறையப் பேர். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது அந்த வரத்து நின்றது. அந்த இடம் இன்னும் சரியாக நிரம்பவில்லை.

படங்களைப் பற்றிய குறையில் அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகளில் 1937ஆம் ஆண்டு ஸ்னோ ஒயிட், 1950ஆம் ஆண்டு சிண்ட்ரெல்லா ஆகிய டிஸ்னி படங்களின் சாயல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பொன்னிற முடியும் வெளுத்த தோலும்தான் அழகு என்று படம் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே போகிறது. கறுத்த பிள்ளை அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளும் என்று கேட்பது சரியான கேள்வி. அதற்குக் கதையைத் தூக்கியெறிவது சரியான பதில் ஆகாது. படத்தை மாற்றி வரைய வேண்டும். ஹான்சலின் காட்டில் மூங்கிலும் கடுக்காய் மரமும் நிற்கட்டும். கிரெட்டல் மலைப் பிள்ளையின் முகத்தோடு இருக்கட்டும். இது ஆகாத காரியமில்லை. சென்னையின் தாரா பதிப்பகம் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற கோண்டு ஓவியர்கள் மூவரை வைத்து 2006இல் மரங்களைப் பற்றி வெளியிட்ட படநூல் 2008இல் பொலோஞ்ஞா விருது பெற்றது. பழங்குடிக் கையில் பிறந்த படம் உலகத்தின் முன் நிற்கும் என்பதை நம் மாநிலத் தலைநகரிலேயே காட்டிவிட்டார்கள்.

மலைக்கதைகள் வேண்டும், பாட்டிகளிடம் இருப்பவை அவர்களோடு மறைந்துபோகும் முன் புத்தகமாக வேண்டும். ஆனால் மலைப் பிள்ளைக்கு மலைக்கதை மட்டும் போதும் என்பது அந்தப் பிள்ளையைச் சுற்றி வேலி போடும் வேலை. மயிலாப்பூர்ப் பிள்ளை மயிலாப்பூர்க் கதையை மட்டும் படிக்கட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

4. காசு இல்லையா, மனம் இல்லையா?

விலை என்ற வாதம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. இன்று இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் படப் புத்தகம் போடுகிறது. தூலிகா தமிழிலும் இருமொழியிலும் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் இலவசமாகத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்; உரிமமே அதற்கு இடம் தருகிறது. தமிழ்நாடு அரசும் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வகுத்துச் சிறு கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கதைக்கும் பாட்டுக்கும் இடம் உண்டு. ஆக, எழுத்து முடியட்டும் கதை அப்புறம் என்பது அரசின் கொள்கையே அல்ல. அது வகுப்பறை வாசலில் நிற்கும் பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கு வந்த புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டில் ஏறிய பொருள் தணிக்கையில் எண்ணிக்கையோடு நிற்க வேண்டும். கிழிந்தால், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் தலைமையாசிரியருக்கு. ஆகவே புத்தகம் பீரோவுக்குள் போகிறது, சாவி மேசைக்குள் போகிறது. பிள்ளைகளுக்குப் புத்தகத்தைப் பேணத் தெரியாது என்பதெல்லாம் பிறகு கண்டுபிடித்துச் சொல்லும் காரணம். பேணக் கற்பதற்கே புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். மலையில் பணியாற்றும் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து கிழிந்த புத்தகத்துக்குப் பணம் கட்ட வேண்டிவருமோ என்று பயப்படுவது இயல்பு. பயத்தை நீக்க வேண்டியது நிர்வாகம். நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, நூலகங்களில் வாசிப்புக்குக் கொடுக்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது. பெரியவர்களின் நூலகத்துக்கே அந்தச் சலுகை. நான்கு வயதுப் பிள்ளைகள் புரட்டும் படப் புத்தகத்துக்கு ஐந்து எப்படிப் போதும்? அதைச் சாக்பீஸ் போலத் தீர்ந்துபோகும் பொருளாகவே கணக்கில் வைக்க வேண்டும். தேய்ந்த சாக்பீஸை யாரும் தணிக்கையில் திருப்பிக் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பரில். மாவட்டத்தில் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. மேடை போட்டு வாசிப்பின் பெருமையைப் பேசுகிறார்கள். அந்த மேடைச் செலவில் ஒரு சிறு பகுதி மலையின் அங்கன்வாடிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் படப் புத்தகமாகப் போகட்டும். வாசித்துக் கிழிந்த படப் புத்தகத்துக்காக எந்த ஆசிரியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் பணம் பிடிக்கப்படாது என்று மாவட்ட நிர்வாகம் எழுத்தில் ஓர் ஆணை போட வேண்டும். அது ஒரு பக்கத்துக்கு மேல் வராது, அரசுக்குப் பெரிய செலவும் இல்லை. இந்தக் கல்வியாண்டிலேயே அதைப் போடுங்கள். தலைமையாசிரியர்களே, அதுவரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலை பீரோவைத் திறந்து புத்தகங்களைத் தரையில், பிள்ளைகளின் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.